ஏரி வாரியமும் முஹ்தஸிபும்

குடிகளுக்கு அரசு செய்ய வேண்டிய பணிகள் இன்னின்னவை, அவை இன்ன அளவுக்குக் குறையலாகாது, இன்ன நாளுக்குள் முடிய வேண்டும், முடியாவிடில் பொறுப்பாளி இன்னார் என்று வரையறுத்து எழுதி வைக்கும் முறையை இக்காலத்தார் குடிமக்கள் சாசனம் என்கின்றனர். 1991ஆம் ஆண்டில், ஜான் மேஜர் பிரதமராயிருந்த போது, இங்கிலாந்தில் அப்பெயரால் ஒரு திட்டம் வந்தது. 1997 மே மாதம் புதுதில்லியில் கூடிய முதலமைச்சர்கள் மாநாட்டுக்குப் பிறகு நம் நாட்டு அலுவலகச் சுவர்களிலும் அத்தகைய பலகைகள் ஏறின. ஆகவே இஃது மேலை நாட்டினின்றும் கப்பலேறி வந்த சரக்கு என்றே பலரும் எண்ணிக் கொண்டிருக்கின்றனர். அவ்வெண்ணம் எத்துணைத் தூரம் சரி என்பதைச் செங்கற்பட்டுச் சீமையின் வரலாற்றைக் கொண்டே பார்க்கலாம்.

செங்கற்பட்டை நாம் தேர்ந்தது ஊர்ப்பற்றினால் அன்று. பாலாறு கடலிற் கலக்கும் இப்பகுதி, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று வரிசையாக அமைந்த துறைகளையும், உள்நாட்டில் எண்ணற்ற ஏரிகளையும் உடையது. ஆட்சி மாறிய போதெல்லாம் ஆண்டவர்கள் இங்கு ஏதேனும் ஒன்றை எழுதி வைத்துச் சென்றிருக்கின்றனர். கல்லில் எழுதியது உண்டு. ஓலையில் எழுதியது உண்டு. காகிதத்தில் எழுதியதும் உண்டு. (2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபின் உத்தரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நின்றுவிட்டது. நாம் பேசுவது பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைப் பற்றியே.) குடிகள் அரசுக்குத் தர வேண்டியதை எழுதி வைக்காத ஆட்சி உலகில் இல்லை. அரசு குடிகளுக்குத் தர வேண்டியதை எழுதியவர் யார், எழுதிய போது எவரை உள்ளே வைத்து எவரை வெளியே விட்டனர் என்பதே நாம் தேடுவது.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபையார் செய்த இரு தீர்மானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர், பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் அறுவர் அறுவர் என்று எண்ணிக்கை குறிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, இளையோரும் முதியோரும் கூடிய சபையின் நடுவே, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய அகங்கையில் ஏற்று உரக்க வாசிக்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் என்பதை அறிந்தே இவ்விதியை வகுத்திருக்கின்றனர். சூதறிந்தோர் செய்த சட்டம் இது!

குடவோலை முறையைப் பற்றிப் பாடநூல்கள் ஏராளமாகச் சொல்லிவிட்டன. நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. எவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்ற பட்டியலில், முன்னர் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் இடம் பெறுகின்றான். அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தான் என நெருங்கிய சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். மகனைப் பதவியில் அமர்த்தித் தந்தையின் கணக்கைப் புதைக்கும் உபாயம் பத்தாம் நூற்றாண்டிலேயே அறிமுகமாகியிருந்தது போலும்! மேலும், பொறுப்பில் இருக்கும் போதே குற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் அப்போதே நீக்கம். பதவிக் காலம் 360 நாள். கணக்கெழுதுவோன் தன் கணக்கைப் பெரியோர் முன் ஒப்புவித்துத் தூயவன் எனத் தேறும் வரை வேறு கணக்கில் கை வைக்கக் கூடாது.

919இல் வயது வரம்பு முப்பது முதல் அறுபது வரை என்றிருந்தது. இரண்டாண்டு நடத்திப் பார்த்தபின் முப்பத்தைந்து முதல் எழுபது வரை எனத் திருத்தினர். விதியை வகுத்து, நடத்திப் பார்த்து, குறை கண்டு மாற்றியிருக்கின்றனர். நம் அலுவலகப் பலகைகளில் வண்ணம் புதுப்பிக்கப்படுவதைக் கண்டிருக்கின்றோம். வாசகம் திருத்தப்படுவதை அரிதாகவே கண்டோம்.

வணிகருக்கும் இதில் பங்குண்டு. பொன்னே பணமாகப் புழங்கிய காலத்தில், பொன்னின் மாற்றை உரைத்துச் சொல்வது ஊருக்குச் செய்யும் ஊழியமாயிருந்தது. உரைப்போரையும் ஓலையிட்டே தேர்ந்தனர். எல்லோருக்கும் ஒரே தன்மையாக உரைக்க வேண்டும். உரைக்கும் போது மெழுகில் ஒட்டும் பொன்துகள் உரைப்பவனுக்கு உரியதன்று, ஏரி வாரியத்துக்கு உரியது. பொன் உரைக்கும் ஊழியனின் விரலில் ஒட்டுவதை ஏரி தூர்வாரும் செலவோடு இணைத்த அறிவை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை. கைக்கூலி எங்கே பிறக்கும் என்பதை முன்னரே கண்டு, அதன் வாயை அடைத்து, பயனைப் பொதுவுக்குத் திருப்பிவிட்டனர்.

ஆயினும் இதனைக் குடியரசின் தொட்டில் என்று மேடைதோறும் போற்றுவோரோடு நாம் முற்றும் இசைய இயலாது. காணிக்கடன் செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதக்கல்வி இருக்க வேண்டும். வேதமும் பாஷியமும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகையும் கல்விமானுக்கே. சபை என்பது பிரமதேய ஊரின் நிலமுடைய அந்தணர் சபை. அதே ஏரியின் நீரில் உழுது நாற்று நட்டவர் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. பணியின் அளவு எழுதப்பட்டது. ஆனால் அளவு குறைந்தால் கேட்கும் உரிமை சிலருக்கே இருந்தது.

கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1010ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று உள்ளது. அது வணிகர் வாழும் நகரம். ஆகவே அங்கே முடிவு செய்தோர் நகரத்தார். ஊர் நிலங்களைக் கூறு செய்து வரிச்சுமையைப் பங்கிட்டதோடு, நிலமில்லாத வணிகரும் கூலிக்கு உழைப்போரும் தத்தம் நிலைக்கேற்ப எவ்வளவு பொன் தர வேண்டும் என்றும், உடன்பாட்டை மீறுவோர்க்குத் தண்டம் எவ்வளவு என்றும் எழுதினர். தருவதன் அளவு தெளிவாக உள்ளது. பெறுவதன் அளவைத் தேடினால் கிடைப்பது குறைவே. உத்தரமேரூர்க் கல்லோடு ஒப்பிட, இஃது வழக்கமான சாசனம்.

இதே நூற்றாண்டில் பக்தாதில் ஒரு நூல் எழுதப்பட்டது. பஸராவில் பிறந்து ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்களின் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' அது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் அவர். அந்நூலின் கடைசி இயலின் பொருள் ஹிஸ்பா. மதரஸாக்களில் ஹிஸ்பா என்றதும், தராசு பிடிப்பவன் கையைக் கவனிக்கும் சந்தை அதிகாரி என்ற அளவோடு சொல்லி மேலே போய்விடுவது வழக்கம். ஸூரத்துல் முதஃப்பிஃபீன் அளவில் குறைப்போரைக் கடிந்துரைப்பதால், அப்பொருளே முன்னே வந்து நிற்கின்றது. அதற்கப்பால் இமாமவர்கள் சொல்வனவே நம் பொருளுக்கு உயிரானவை.

நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் எல்லா முஸ்லிம்கள் மீதும் கடமையாயிருக்க, அதற்கென ஓர் அதிகாரி எதற்கு? இவ்வினாவுக்கு விடையாக, தன்னார்வத்தால் செய்வோனுக்கும் நியமனம் பெற்ற முஹ்தஸிபுக்கும் இடையே ஒன்பது வேறுபாடுகளை இமாமவர்கள் எடுத்துரைக்கின்றார்கள். நியமிக்கப்பட்டவனுக்கு அது தனிப்பட்ட கடமை, அதை விட்டு வேறு வேலையில் அவன் ஈடுபடலாகாது. முறையிட வருவோர் அவனிடம் வருவதற்கென்றே அவன் அமர்த்தப்பட்டிருக்கின்றான், வந்தோர்க்கு அவன் செவிசாய்த்தே தீர வேண்டும். பைத்துல் மாலிலிருந்து அவன் ஊதியம் பெறலாம். தன்னார்வத்தானுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. கருணைக்கும் கடமைக்கும் இடையே இமாமவர்கள் இழுத்த கோடு இது. முறையீட்டுக்கு மறுமொழி சொல்வது அதிகாரியின் பெருந்தன்மை அன்று. அவன் வாங்கும் சம்பளத்தின் பொருளே அதுதான்.

அடுத்து எவை குறையலாகாத பணிகள் என்பது. ஓர் ஊரின் குடிநீர் வழி பழுதுபட்டால், மதில் இடிந்தால், வழிப்போக்கர் உதவியின்றித் தவித்தால், பைத்துல் மாலில் பொருள் இருக்குமாயின் அதனின்றும் சீர்செய்ய முஹ்தஸிப் ஆணையிட வேண்டும். பொருள் இல்லையேல் கடமை ஊரின் வசதியுடையோர் மீது விழும். கருவூலம் காலி என்பதோடு பேச்சு முடிந்துவிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வழக்காடுவோர் வந்து நிற்க, தக்க காரணமின்றித் தம்மை மறைத்துக் கொள்ளும் காஜியையும் முஹ்தஸிப் கண்டிக்கலாம். படகில் அளவுக்கு மேல் ஆளேற்றுவதையும் கடுங்காற்றில் படகு விடுவதையும் அவர் தடுக்க வேண்டும். பாரம் சுமக்கும் கால்நடைகளும் அவர் பார்வைக்கு உட்பட்டவை. குடிநீர், பாதுகாப்பு, வழி, நீதிமன்றம், போக்குவரத்து ஆகிய அனைத்தும் இங்கு வந்துவிட்டன. நூலில் எழுதியவை எல்லாம் எல்லா ஊரிலும் நடந்தன என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் கோவளத்துறை சஆதத் பந்தர் என்று பெயர் பெற்றுச் சிறந்திருந்தது. 1752இல் கிளைவ் அக்கோட்டையைப் பிடித்த பின் அது தகர்க்கப்பட்டது. அந்நவாபுகளின் கடைக்காலத்தில் கடனும் குத்தகையும் குடிகளை எவ்வாறு பிழிந்தன என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். பெயர் முஸ்லிம் ஆட்சி என்பதற்காக அதனை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை.

நவாப் முஹம்மது அலி 1763இல் இச்சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக விட்டார். பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். அவ்வூர்க் கணக்குகளில் ஒரு செய்தி நம்மை நிறுத்துகின்றது. விளைந்த நெல்லைக் களத்தில் அளக்கும் போதே, அரசின் பங்கையும் உழவன் பங்கையும் பிரிக்கு முன், ஊர்ப் பணியாளர்க்குரிய மேரை எடுக்கப்பட்டது. தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், நாவிதன், தோட்டி, தலையாரி, ஏரிநீர் பாய்ச்சுவோன், கணக்கன், கோயில், மடம், பக்கீர் என ஒவ்வொருவர்க்கும் அளவு இருந்தது. பணி செய்வோனின் கூலி ஊரின் களத்தில் இருந்தது. ஆகவே பணி குறைந்தால் கேட்கும் வாயும் அதே களத்தில் இருந்தது. சாதிக் கட்டில் அமைந்த முறை அது என்பதை மறக்கலாகாது. ஆயினும் நிலவரி முழுவதும் பணமாகக் கும்பினியின் கருவூலத்துக்குப் போகத் தொடங்கிய போது இந்தப் பிணைப்பு அறுந்தது. ஏரியைத் தூர்வார யாரிடம் கேட்பது என்ற கேள்வி அன்று பிறந்தது.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாதிருக்க, மழையிரவில் வில்லேந்திய இருவர் காவல் நின்றதை அவர் கண்டதாகவும், அதன்பின் கோயிற் பணி செய்து கொடுத்ததாகவும் அவ்வூர் மக்கள் இன்றும் சொல்வர். ஏரி காத்த இராமர் என்ற பெயரும் அவ்வரலாற்றோடு சேர்ந்தது. பக்தி வரலாற்றில் நாம் தலையிடவில்லை. வேறொரு நூற்றாண்டில் ஏரி வாரியத்தின் அறுவர் பொறுப்பாயிருந்த ஒன்று, இப்போது ஒரு துரையின் நல்ல மனத்தையும் தெய்வத்தின் அருளையும் சார்ந்து நின்றது என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

பின்னர் வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் செங்கற்பட்டும் தப்பவில்லை. பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அந்நாளில் பஞ்சக் கூலியால் வெட்டப்பட்டதே. அங்கே வேலை செய்வோனுக்கு என்ன கொடுப்பது? 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று குறைத்தார். உயிர் தரிக்க எவ்வளவு போதும் என்று அரசு அளந்து பார்த்த காலம் அது. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்த்தெழுந்தார். மண் சுமக்கும் உடலுக்கு அவ்வளவு போதாது என்பதை உடலியல் கொண்டும் மெலிந்தோர் நிலை கொண்டும் அவர் வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டோர் மாண்டனர். 1880இல் பஞ்சக் குழு அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. எப்போது நிவாரணம் தொடங்க வேண்டும், யார் தொடங்க வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்பவை அதில் எழுதப்பட்டன. குறைந்த அளவு என்ற சொல்லை நாம் இலேசாக உச்சரிக்கின்றோம். எதற்குக் குறைந்தது, எவர் கணக்கில் குறைந்தது என்று கேட்காவிடில் அச்சொல்லே ஆளைக் கொல்லும் என்பதற்கு டெம்பிள் கூலி சாட்சி.

செங்கற்பட்டின் பெயர் நின்ற மற்றோர் ஆவணம் 1891இல் எழுந்தது. அப்போதைய கலெக்டர் ட்ரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அறிக்கை ஒன்றை எழுதினார். தரிசு நிலம் வேண்டி எவரும் தர்க்காஸ்து போடலாம் என்பது விதி. எழுத்தில் கதவு திறந்திருந்தது. ஆனால் அதே விதிகள் மிராசுதாருக்கு முன்னுரிமை தந்தன; ஏழை ஒருவன் மனுக் கொடுத்ததும் மிராசுதார் தமக்கு வேண்டும் என்று சொன்னால் முடிந்தது. அதைவிடக் கொடியது மற்றொன்று. அவன் குடியிருந்த மனையே மிராசுதாரின் உரிமை என்று கொள்ளப்பட்டது. மனுக் கொடுத்தவன் மறுநாள் குடிசையை இழக்கலாம். உத்தரமேரூர்ச் சபை சொந்த மனை உடையவனையே குடத்தில் இட்டது நினைவிருக்கும். ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் மனையற்றவனுக்குச் சர்க்கார் வாசல் திறக்கவில்லை. செங்கற்பட்டில் பணியாற்றிய பாதிரியார் ஆடம் ஆண்ட்ரு போன்றோரும் இதனை எடுத்துரைத்தனர். வருவாய் வாரியம் முகம் சுளித்தது. எனினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று வழங்கும் சொல்லுக்கு மூலம் அதுவே. அந்நிலத்தை வேற்றுச் சாதியார்க்கு விற்கலாகாது என்ற விதிகளும் பின்னர்ச் சேர்ந்தன.

விதி எழுதப்பட்டது, நிலம் கை மாறிக் கொண்டே போயிற்று. 1994 அக்டோபரில், மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டனர். அதையொட்டிச் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரு உயிர்கள் போயின. உத்தரமேரூர் விதியில் கணக்குக் காட்டாதவன் வீட்டார் அனைவரும் விலக்கப்பட்டனர் என்று பார்த்தோம். நூறாண்டாக இந்நிலங்களின் பதிவேட்டைக் காக்கக் கடமைப்பட்டவர்களுக்கு அப்படியொரு விலக்கை எவரும் எழுதவில்லை.

இதன் பின்னரே நம் நாட்டில் காலக்கெடு என்ற கருத்து சட்டமாக வலுப்பெற்றது. தகவல் பெறுவதற்குத் தமிழகம் 1997இலேயே சட்டம் செய்தது. 2005இன் மத்தியச் சட்டம் முப்பது நாள் கெடு வைத்தது. உயிரையும் விடுதலையையும் பற்றிய செய்தியாயின் நாற்பத்தெட்டு மணி நேரம். கெடு தவறினால் நாளொன்றுக்கு ரூ. 250 வீதம் ரூ. 25,000 வரை தண்டம், அதுவும் தவறிய அலுவலர் மீதே விழும். கணக்குக் காட்டாதவனைத் தொட்ட உத்தரமேரூர் விதியின் வாடை இதில் வீசுகின்றது. 2010இல் மத்தியப் பிரதேசம் பொதுச் சேவைகளுக்கே உறுதிச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு பீகார் பின்பற்றியது. 2011இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மத்திய மசோதா 2014இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியாயிற்று.

தொழில் தொடங்குவோர்க்காகத் தமிழகம் 2018இல் ஒரு சட்டம் செய்தது. அனுமதிகளுக்குக் கெடு உண்டு. விண்ணப்பத்தின் நிலையை ஒரே வாயிலில் அறியலாம். மறைமலைநகர் வழியாகச் செல்லும் எவரும் ஆலைகளின் வரிசையைக் காண்பர். அவர்களுக்கு நாள் குறித்துச் சேவை செய்வதில் நமக்கு மாறுபாடு இல்லை. பொன் உரைக்கும் ஊழியம் வணிகனுக்குத் தேவைப்பட்டது போன்றே இதுவும். அதே நெடுஞ்சாலையினின்றும் கிழக்கே திரும்பிச் சில கல் சென்றால், திருப்போரூர்ப் பக்கம் குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு மனுவைக் கையில் வைத்துக் கொண்டு நிற்போரைக் காணலாம். தம் மனு எந்த மேசையில் இருக்கின்றது, அதைத் தாமதப்படுத்தியவர் பெயர் என்ன என்பதே அவர்கள் கேட்பது. ஓலையை வாங்கிய அகங்கையைச் சபை நடுவே விரித்துக் காட்டச் செய்த ஊர், அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.